மாடிப்படி: அளவும் செலவும் – வாசகர் கேள்வி பதில்

வீட்டுக்கென்று தனியாக வடிவமைத்துச் செய்யும் மாடிப்படியைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை விடையளிக்கிறேன். பலர் ஒரே ஐயத்தை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால் சில கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். காலை வைக்கும் பரப்பை ‘மிதி’ என்றும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் காலைத் தூக்கும் உயரத்தை ‘ஏற்றம்’ என்றும் குறிப்பிடுகிறேன். பணியிடத்தில் டிரெட், ரைசர் என்று சொல்லப்படுபவை இவைதாம். கட்டட விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கீழே வரும் அளவுகள் உங்கள் பகுதியின் விதியோடு முரண்பட்டால் அந்த விதியையே பின்பற்றுங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டும் வீட்டில் மாடிப்படியை எங்கள் விருப்பப்படி அமைக்க நினைக்கிறோம். மரமா, எஃகா, கல்லா என்று மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பொருளைப் பற்றிய பேச்சைச் சில நாள்கள் ஒத்திவைத்துவிட்டு அளவு நாடாவைக் கையில் எடுங்கள். உங்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரே ஓர் எண்: தரை வேலை முடிந்த நிலையில் கீழ்த்தளத்தின் மேற்பரப்பிலிருந்து, அதேபோல் வேலை முடிந்த மேல்தளத்தின் மேற்பரப்பு வரை உள்ள உயரம். அறையின் உட்கூரை உயரத்தையே பலர் இதற்காகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் மேல்தளத்தின் கனம் சேர்வதில்லை என்பதால் அது இந்தக் கணக்குக்கு உதவாது.

எடுத்துக்காட்டாக அந்த உயரம் 300 செ.மீ. என்று கொள்வோம். வீட்டுப் படிக்கு 15 முதல் 18 செ.மீ. வரையிலான ஏற்றம் வசதியானது. 300-ஐ 18 ஏற்றங்களாகப் பகுத்தால் ஒவ்வோர் ஏற்றமும் ஏறத்தாழ 16.7 செ.மீ. வரும். மிதி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு, 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளாந்தெல் வகுத்த விதி இன்றும் கைகொடுக்கிறது. சமதரையில் மனிதர் எடுத்துவைக்கும் ஓரடியின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டு, இரண்டு ஏற்றங்களையும் ஒரு மிதியையும் கூட்டினால் அந்த நீளம் வர வேண்டும் என்றார் அவர். இன்றைய வழக்கில் அந்தக் கூட்டுத்தொகை 60 முதல் 64 செ.மீ. வரை இருப்பது நல்லது. 16.7 செ.மீ. ஏற்றத்துக்கு 28 செ.மீ. மிதி வைத்தால் 61.4 வருகிறது, கால் தயங்காமல் ஏறும்.

கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே போய் முடிவதால், மிதிகளின் எண்ணிக்கை ஏற்றங்களைவிட எப்போதும் ஒன்று குறைவு. ஆக 17 மிதிகள், 28 செ.மீ. வீதம், நேராக ஓடும் படிக்கட்டுக்குத் தரையில் 476 செ.மீ. நீளம் வேண்டும். அடுத்தது மேல்தளத்தில் விட வேண்டிய திறப்பு. தளத்தின் கனம் 20 செ.மீ. என்றால் அதன் அடிப்பகுதி கீழ்த்தளத்திலிருந்து 280 செ.மீ. உயரத்தில் இருக்கும். தலைக்கு மேல் 210 செ.மீ. வேண்டுமென்றால், 70 செ.மீ. உயரத்துக்கு உட்பட்ட படிகள் மட்டுமே தளத்தின் கீழ் ஒளிந்துகொள்ள முடியும். நான்காவது படி 66.7 செ.மீ.யில் நிற்கிறது, ஐந்தாவது 83.3-க்குப் போய்விடுகிறது. எனவே ஐந்தாவது படியின் முன்விளிம்பிலிருந்து மேலே உள்ள 13 மிதிகளுக்கும் திறப்பு வேண்டும். அது 364 செ.மீ. இந்தக் கணக்கைப் போடாமல், ‘சுமாராக மூன்று மீட்டர் விடுங்கள்’ என்று தளம் போட்ட பிறகு உத்தரத்தை வெட்ட நேர்ந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வெட்டுக்கு ஆன செலவில் படி முழுவதற்கும் நல்ல மரம் போட்டிருக்கலாம்.

இவ்வளவும் கணக்கிட்ட பின்னர் செலவு தானாகவே உருப்பெறத் தொடங்கும். படிக்கட்டின் அகலம் 100 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ‘மூக்கு’ எனப்படும், முன்னே 2 செ.மீ. நீட்டிய விளிம்போடு சேர்த்து ஒரு மிதிக்கு 0.30 சதுர மீட்டர். 17 மிதிகளுக்கு 5.1 சதுர மீட்டர். 18 ஏற்றங்களின் முகப்புக்கு 3 சதுர மீட்டர். மொத்தம் 8.1 சதுர மீட்டர் மேற்பரப்பு. இதற்கு மேல் வெட்டுக்கழிவாக 10 முதல் 15 விழுக்காடு சேர்க்க வேண்டும். தேய்த்து உருட்ட வேண்டிய விளிம்பு 17 மீட்டர். கைப்பிடியைச் சாய்வில்தான் அளக்க வேண்டும் என்பதால் அது 4.76 மீட்டர் அன்று, ஏறத்தாழ 5.6 மீட்டர். மேல்தளத்தில் திறப்பின் ஒரு நீண்ட பக்கத்துக்கும் ஒரு குறுகிய பக்கத்துக்கும் தடுப்பு வேண்டும், அது 4.6 மீட்டர். எல்லாம் சேர்ந்து 10 மீட்டருக்குச் சற்று மேல்.

பரப்பு, விளிம்பு, கைப்பிடி ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மரக்கடைக்கும் கல் கடைக்கும் எஃகுப் பட்டறைக்கும் போங்கள். ஒவ்வொன்றுக்கும் அலகு விலையைக் கேட்டுப் பெருக்கிப் பார்த்தால், மூன்று மாதப் பேச்சு ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். தாங்கும் கட்டமைப்புக்கான செலவைப் பொறியாளரின் வரைபடத்தைக் கொண்டு தனியே மதிப்பிடச் சொல்லுங்கள். புதிய கட்டடமானால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென்று எடுத்துவையுங்கள். பழைய வீட்டை மாற்றுவதானால் அதை ஒன்றரை மடங்காகவோ இரு மடங்காகவோ வையுங்கள், ஏனெனில் பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உடைத்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: ஒரே வரைபடத்தைக் காட்டி மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கினேன். குறைந்த தொகைக்கும் கூடிய தொகைக்கும் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபாடு. கூடுதலாகக் கேட்பவர் ஏமாற்றுகிறாரா?

பதில்: மூவரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். என் அனுபவத்தில், இத்தனை பெரிய வேறுபாடு வரும்போது பேராசையைவிட விடுபட்ட வேலைகளே அதற்குக் காரணமாக இருக்கின்றன.

மேலே சொன்ன படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் அது 4.76 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு நீள்சதுரம், பரப்பு 4.76 சதுர மீட்டர். அந்தப் பரப்பை வைத்து ஒருவர் விலை சொல்கிறார். படியின் உண்மையான மேற்பரப்பான 8.1 சதுர மீட்டரை வைத்து இன்னொருவர் சொல்கிறார். கைப்பிடியிலும் இதே கதை: முதலாமவர் வரைபடத்தின் 4.76 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாமவர் சாய்வையும் மேல்தளத் தடுப்பையும் சேர்த்து 10 மீட்டர் போட்டார். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் முதலாமவரிடம் வேலையைக் கொடுத்தால், விடுபட்ட பாதி ‘கூடுதல் வேலை’ என்ற பெயரில், வேறு யாரிடமும் விலை கேட்க முடியாத நேரத்தில், உங்கள் முன் வந்து நிற்கும்.

தடுப்புக் கம்பிகளைத் தனியாகக் கவனியுங்கள். குழந்தையின் தலை நுழையாதபடி கம்பிகளுக்கிடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது பரவலான விதி. 2 செ.மீ. கனமுள்ள கம்பிகளை 12 செ.மீ.க்கு ஒன்றாக நிறுத்தினால் இந்தப் படிக்கட்டுக்கும் மேல்தளத் திறப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 80 கம்பிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பொருத்த வேண்டும் என்பதால் இணைப்புகள் 160. கைப்பிடியின் விலையில் பெரும்பகுதி உலோகத்துக்கோ மரத்துக்கோ போவதில்லை, இந்த 160 இணைப்புகளைச் செய்யும் கைகளுக்குப் போகிறது. கம்பியின் வடிவத்தைச் சற்று எளிமையாக்கினால் விலை சட்டென்று இறங்குவதும், ஒவ்வொரு கம்பியிலும் ஒரு முறுக்கு வேண்டும் என்றால் எகிறுவதும் இதனால்தான்.

எனவே மூவருக்கும் ஒரே அளவுப் பட்டியலைக் கொடுத்து மறுபடியும் விலை கேளுங்கள். விளிம்பு உருட்டல், மெருகு, பூச்சு, ஏற்றியிறக்கும் கூலி, பொருத்தும் கூலி, வேலை நடக்கும்போது பயன்படுத்தத் தற்காலிகப் படி, சுவரை மீண்டும் பூசிக்கொடுத்தல், பழையது இருந்தால் அதை அகற்றிக் கொண்டுபோதல் ஆகியவற்றில் எவை தொகையில் அடங்கும், எவை அடங்காது என்று எழுத்தில் வாங்குங்கள். அடங்காதவற்றை எழுதித் தரத் தயங்குபவரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் இடம் சிறியது. சுழல்படி வைத்தால் இடமும் மிஞ்சும், செலவும் குறையும் என்கிறார் ஒருவர். இடையில் திரும்பும் படிக்கட்டைப் பொறியாளர் பரிந்துரைக்கிறார். எது சரி?

பதில்: இடம் மிஞ்சும் என்பது உண்மை. 150 செ.மீ. விட்டமுள்ள சுழல்படி, தரையில் 2.25 சதுர மீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். இடையில் ஒரு மேடை வைத்துத் திரும்பும் படிக்கட்டு, ஒவ்வொரு கிளையிலும் 8 மிதிகளும் 1 மீட்டர் மேடையுமாக 3.24 மீட்டர் நீளமும், இரு கிளைகளும் நடுவிடைவெளியும் சேர்ந்து 2.1 மீட்டர் அகலமும் எடுத்துக்கொள்ளும், ஏறத்தாழ 6.8 சதுர மீட்டர். நேர்ப்படியைவிடக்கூட இது அதிகப் பரப்புத்தான். ஆனால் 476 செ.மீ. நீளம் கிடைக்காத வீட்டில் 324 செ.மீ. கிடைத்துவிடும் என்பதும், தவறி விழுந்தால் பாதி உயரத்தில் மேடை தடுத்துக்கொள்ளும் என்பதும் இதன் நிறைகள்.

சுழல்படியின் சிக்கல் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 12 படிகள் என்று வைத்தால், ஒரு சுற்று முடிந்ததும் நீங்கள் கடந்து வந்த படி உங்கள் காலுக்கு நேர் கீழே இருக்கும். அதாவது அங்கே நடப்பவரின் தலைக்கு மேல் உங்கள் படி இருக்கும். ஏற்றம் 16.7 செ.மீ. என்றால் இரண்டுக்கும் இடையில் 200 செ.மீ. மட்டுமே, அதிலும் படியின் கனம் கழிய வேண்டும். தலை இடிக்காமலிருக்க ஏற்றத்தை 20 செ.மீ. அளவுக்கு உயர்த்துகிறார்கள். அப்போது 240 செ.மீ. கிடைக்கிறது, ஆனால் படி செங்குத்தாகிவிடுகிறது. மிதியோ நடுத்தூணின் பக்கம் விரலளவுக்குச் சுருங்கி, வெளிப்பக்கத்தில் மட்டுமே முழுப் பாதத்தையும் தாங்குகிறது. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

செலவு குறையும் என்ற பேச்சை, பட்டறையில் ஒரே அச்சில் பல செய்து விற்கும் ஆயத்தச் சுழல்படிக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம். உங்கள் வீட்டு அளவுக்கு வளைத்துச் செய்யும் கைப்பிடியோடு ஒன்றைக் கேட்டால் நிலைமை தலைகீழாகும். மேலும், ஒரு கட்டிலோ பீரோவோ அதன் வழியே மேலே போகாது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் வரைந்த ஒரு சுழல்படியை வீட்டுக்காரர் மிகவும் விரும்பினார். குடிபுகுந்த அன்று மெத்தையைப் பால்கனி வழியாகக் கயிறு கட்டித் தூக்கினோம். அன்றிலிருந்து, வீட்டுக்கு வேறொரு படி இருந்தால் மட்டுமே சுழல்படியை நான் பரிந்துரைக்கிறேன். உங்கள் பொறியாளர் சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திரும்பும் மேடைக்குப் பதிலாக விசிறிபோல் விரியும் முக்கோணப் படிகளை வைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம் என்றும் உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அந்தப் படிகள் செவ்வகமாக இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் மாதிரி வெட்டி, அதன்படி கல்லையோ மரத்தையோ அறுக்க வேண்டும். கழிவும் கூலியும் கூடும். மேடையின் சதுரத்துக்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கான்கிரீட் படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் வார்க்கப்பட்டிருந்தன, நானே அளந்து பார்த்தேன். கல் பதித்து முடித்த பிறகு முதல் படி தாழ்வாகவும் கடைசிப் படி உயரமாகவும் இருக்கின்றன. வருபவர்கள் எல்லாரும் மேலே போய்ச் சேரும் இடத்தில் தடுக்குகிறார்கள். எங்கே தவறு நடந்தது? இனி என்ன செய்யலாம்?

பதில்: எல்லாம் ஒரே உயரத்தில் வார்க்கப்பட்டதுதான் தவறு. மேல்பூச்சுகளின் கனத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வார்த்தபோது ஒவ்வோர் ஏற்றமும் 17 செ.மீ. என்று கொள்வோம். படிமேல் கல்லும் கலவையுமாக 4 செ.மீ., அறைகளின் தரையில் 7 செ.மீ. கனம் ஏறியிருக்கும். முதல் படி 4 செ.மீ. உயர்ந்தது, ஆனால் அதன் காலடியில் உள்ள தரை 7 செ.மீ. உயர்ந்துவிட்டது. ஆகவே 17-ஆக இருந்த முதல் ஏற்றம் 14 ஆனது. மேலே இதற்கு நேர்மாறு: தளம் 7 உயர்ந்தது, கடைசி மிதி 4 மட்டுமே உயர்ந்தது, கடைசி ஏற்றம் 20 ஆனது. இடையில் உள்ளவை எல்லாம் 17-ஆகவே நிற்கின்றன. முதல் மூன்று நான்கு படிகளிலேயே கால் ஓர் அளவைப் பழகிக்கொண்டு, கண்ணைக் கேட்காமல் அதையே தொடர்கிறது. அந்தப் பழக்கத்தை 3 செ.மீ. வேறுபாடு உடைத்துவிடுகிறது. ஒரே படிவரிசையில் மிகவும் உயர்ந்த ஏற்றத்துக்கும் மிகவும் தாழ்ந்த ஏற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 1 செ.மீ.யைக் கடக்கக் கூடாது என்று விதிகள் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

வார்ப்பதற்கு முன்பே இரண்டு கனங்களும் தெரிந்திருந்தால், முதல் ஏற்றத்தை 20 ஆகவும் கடைசியை 14 ஆகவும் வைத்து வார்த்திருப்பார்கள். பார்ப்பவருக்கு அது கோணலாகத் தெரியும். கல் பதித்த பிறகு எல்லாம் 17-க்கு வந்து சேரும். ஆகவே இனிமேல் கட்டப்போகிறவர்கள், தரைக்கு என்ன, படிக்கு என்ன என்ற முடிவைப் படி வார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பொருள் பின்னால் மாறினாலும் கனம் மாறக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். கடைசி ஏற்றத்தில் உள்ள மிகுதி 3 செ.மீ.யை, குறைவாக உள்ள முதல் ஏற்றத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி. படிக்கல்லைப் பெயர்த்துவிட்டு, ஒவ்வொரு மிதியையும் அதன் புதிய உயரத்துக்கு ஏற்பக் கலவையில் தூக்கி மறுபடியும் பதிக்க வேண்டும். மொத்த உயரத்தை ஏற்றங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே புதிய ஏற்றம். உங்கள் கணக்கில் கீழே 3 குறைவு, மேலே 3 அதிகம் என்பதால் சராசரி 17-ஆகவே இருக்கும். ஆகவே கடைசி மிதி உட்பட எல்லா மிதிகளும் சரியாக 3 செ.மீ. உயர வேண்டும். அதற்கான கூடுதல் எடையை, படிகளுக்கு அடியில் உள்ள சாய்வுத் தளம் தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கைப்பிடி ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தால் அதன் உயரமும் 3 செ.மீ. குறையும். படியின் மூக்கிலிருந்து 85 முதல் 95 செ.மீ.க்குள் அது இருக்கிறதா என்று அளந்து, தேவையானால் அதையும் உயர்த்துவதற்கான தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய படிகளின் மேல் புதிய பலகையோ ஓடோ ஒட்டி அழகுபடுத்த நினைப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். 2 செ.மீ. கனத்துக்கு ஒட்டினால் முதல் ஏற்றம் 2 கூடும், கடைசி ஏற்றம் 2 குறையும். நடுவில் எதுவும் மாறாது.

கேள்வி: சுவரிலிருந்து மிதப்பதுபோல் நீட்டியிருக்கும் மரப்படிகளும் கண்ணாடித் தடுப்பும் வைத்தால் எவ்வளவு கூடும்? படியில் இருக்கும் மரம் குறைவுதானே, பிறகு ஏன் விலை கூடுகிறது?

பதில்: நீங்கள் பார்ப்பது மரம், நீங்கள் பணம் கொடுப்பது சுவருக்குள் இருப்பதற்கு. ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் நுனியில் ஒருவர் நிற்கும்போது, அவருடைய எடை முழுவதும் பலகையைச் சுவரிலிருந்து நெம்பிப் பிடுங்கப் பார்க்கிறது. அந்த நெம்பு விசையை வெறும் செங்கல் சுவர் தாங்காது. சுவருக்குள் சாய்வாக ஓர் எஃகுச் சட்டமோ கான்கிரீட் உத்தரமோ புதைத்து, அதிலிருந்து ஒவ்வொரு படிக்கும் ஓர் எஃகுக் கரத்தை நீட்டி, அதன்மேல் மரத்தை உறையாக மாட்ட வேண்டும். சுவர் எழும்போதே இதைச் செய்தால் செலவு ஓரளவுக்குக் கட்டுப்படும். கட்டிய சுவரை உடைத்துச் செய்வதானால் படியைவிடச் சுவர் வேலைக்கே அதிகம் ஆகும்.

அதிர்வு என்று ஒன்றும் உண்டு. படி உடையாத அளவுக்குத் தேவைப்படும் எஃகு ஒன்று, நடக்கும்போது துள்ளாத அளவுக்குத் தேவைப்படும் எஃகு வேறொன்று. இரண்டாவதே பெரும்பாலும் கூடுதல். மலிவான மதிப்பீட்டில் முதலாவதுதான் இருக்கும். இதே பட்டறை முன்பு செய்த படி எங்காவது இருந்தால், அதில் ஏறி நடுப்பகுதியில் இரண்டு முறை குதித்துப் பாருங்கள்.

முகப்பில்லாத திறந்த படிகளில் இன்னொரு கணக்கும் வருகிறது. ஏற்றம் 16.7, பலகையின் கனம் 4 என்றால் இரண்டு படிகளுக்கும் நடுவே 12.7 செ.மீ. இடைவெளி இருக்கும். முன்பு சொன்ன 10 செ.மீ. வரம்பு பல இடங்களில் இதற்கும் பொருந்தும் என்பதால், பலகையைக் கனமாக்க வேண்டும் அல்லது இடையில் ஒரு கம்பியை ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் விலை உண்டு. கண்ணாடி வைப்பதானால், இரண்டு அடுக்குகளை இடைப்படலத்தால் ஒட்டிய கண்ணாடியையே கேளுங்கள். ஓர் அடுக்கு உடைந்தாலும் சில்லுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒற்றைக் கண்ணாடி உடைந்தால் அந்த இடத்தில் தடுப்பே இருக்காது. அதை நாள்தோறும் துடைக்க வேண்டியிருக்கும் என்பதைச் செலவில் சேர்ப்பீர்களோ, உழைப்பில் சேர்ப்பீர்களோ, அது உங்கள் விருப்பம்.

கேள்வி: படிக்குக் கீழே உள்ள இடத்தில் அலமாரி செய்வதை இதே செலவில் அடக்க முடியுமா?

பதில்: முடியாது. அது தனித் தச்சு வேலை. தனியாகவே விலை கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 70. இப்போது நன்றாக ஏறி இறங்குகிறார். இன்னும் பத்து ஆண்டுகளை மனத்தில் வைத்துப் படி அமைக்க வேண்டும் என்றால் எவற்றுக்குக் கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு படியைக் கூட்டுங்கள். 300 செ.மீ.யை 19-ஆகப் பகுத்தால் ஏற்றம் 15.8-க்கு இறங்கும், மிதியை 30 செ.மீ. ஆக்கினால் கூட்டுத்தொகை 61.6-இலேயே இருக்கும். நேராக ஓடினால் நீளம் 540 செ.மீ. ஆகிவிடும் என்பதால் இடையில் மேடை வைத்துத் திருப்புங்கள். மூச்சு வாங்க ஓரிடமும் கிடைக்கும். இதற்காகக் கூடும் பொருள்செலவு மிகச் சிறியது. இடம்தான் உண்மையான விலை, அதை வரைபட நிலையில் மட்டுமே கொடுக்க முடியும்.

கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். முழங்கால் வலிப்பவருக்கு இறங்கும்போது எந்தப் பக்கம் தாங்கல் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏறத்தாழ 4 செ.மீ. விட்டமுள்ள உருண்டையான பிடி, சுவரிலிருந்து 4 அல்லது 5 செ.மீ. விலகி, மேடையிலும் அறுபடாமல் தொடர வேண்டும். கண்ணுக்கு அழகாக இருக்கும் அகலமான தட்டைப் பலகையை விரல்களால் சுற்றிப் பிடிக்க முடியாது. இரண்டாவது கைப்பிடியை இப்போது வைக்க மனமில்லை என்றால், சுவரைப் பூசுவதற்கு முன் அதற்கான இரும்புத் தகடுகளையாவது உள்ளே பதித்துவிடுங்கள்.

பளபளப்பாக மெருகேற்றிய கல்லைப் படியில் தவிர்த்துவிடுங்கள், அல்லது மூக்கின் அருகில் வழுக்காத வரிப்பள்ளங்களையாவது வெட்டச் சொல்லுங்கள். மங்கிய பார்வைக்கு ஒரே நிறத்துப் படிகள் ஒரு சரிவுபோலத் தெரியும். மூக்கு விளிம்பு மட்டும் சற்று வேறு நிறத்தில் இருந்தால் இறங்குபவருக்குப் படி எங்கே முடிகிறது என்று புலப்படும். விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் அணைக்கும்படி இருவழிச் சுவிட்சு வையுங்கள். பின்னாளில் படியோரம் தண்டவாளத்தில் ஓடும் இருக்கை தேவைப்படலாம். நேர்ப்படிக்கு அது எளிதில் கிடைக்கும். திரும்பும் படிக்கு வளைந்த தண்டவாளத்தைத் தனியாகச் செய்ய வேண்டும், விலையும் கணிசமாகக் கூடும். அதனால்தான் படிக்கட்டுக்கு எவ்வளவு செலவிட்டாலும், கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருக்கின்றனவா என்று நான் முதலில் கேட்பது வழக்கம்.

கேள்வி: ஒதுக்கிய தொகையைவிட மதிப்பீடு கூடிவிட்டது. எதில் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

பதில்: பிறகு மாற்றக்கூடியவற்றில் குறையுங்கள். ஏற்றங்களின் முகப்புக்குக் கல்லோ மரமோ போடாமல் பூச்சும் வண்ணமுமாக விட்டுவிட்டால், நம் எடுத்துக்காட்டில் 8.1 சதுர மீட்டரில் 3 சதுர மீட்டர் மிச்சமாகும். விளிம்பை வளைத்து உருட்டாமல், கூர்மையை மட்டும் மழுக்கச் சொல்லலாம். வேலைப்பாடு மிக்க கம்பிகளுக்குப் பதில் நேர்க்கம்பிகளை நிறுத்தி வண்ணம் தீட்டலாம். படிதோறும் விளக்கு இப்போது வேண்டாம். கம்பி போகும் குழாயை மட்டும் சுவரில் புதைத்து வையுங்கள். ஆனால் ஏற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், திறப்பைச் சுருக்குவதும், தடுப்பின் இடைவெளியைக் கூட்டுவதும், தாங்கு சட்டத்தை மெலிதாக்குவதும் குறைந்த செலவாகத் தோன்றினாலும் அவற்றை ஒப்புக்கொள்ளாதீர்கள். 18 ஏற்றங்களை 16 ஆக்கினால் இரண்டு மிதிகளின் விலை மிஞ்சும், ஏற்றம் 18.75-க்குப் போய், நாள்தோறும் பல முறை முழங்கால் அதற்குக் கணக்குத் தீர்க்கும்.

மரப்படிக்கு ஆணை கொடுப்பவர்கள், சுவர்ப் பூச்சும் தரையும் நன்கு காய்ந்த பிறகே பலகைகளை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டினுள் பயன்படும் மரத்தின் ஈரப்பதம் பொதுவாக 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஈரமான வீட்டில் மாட்டிய பலகை காயும்போது அகலவாக்கில் சுருங்கி, இணைப்பு விலகிக் கிறீச்சிடும். அதுவரை தற்காலிகப் படியில் ஏறி இறங்குவது தொல்லைதான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு மற்ற வேலையாள்களின் காலடியிலிருந்து படிகளைக் காக்கத் தடித்த அட்டை போர்த்துவதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வரைபடத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டதும் ஒரு பகுதி, பொருள் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, தாங்கு சட்டமும் படிகளும் நின்றதும் ஒரு பகுதி, கைப்பிடி முடிந்ததும் ஒரு பகுதி என்று பிரியுங்கள். மொத்தத்தில் 5 முதல் 10 விழுக்காட்டைக் கடைசிச் சோதனை வரை நிறுத்திவைப்பது தொழிலில் வழக்கமானது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் மனவருத்தம் கொள்ள மாட்டார்கள். அந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். முதல் படியிலிருந்து கடைசிவரை ஒவ்வோர் ஏற்றத்தையும் இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து எழுதுங்கள். கைப்பிடியை நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு பந்து கம்பிகளுக்கிடையே நுழைகிறதா என்று சோதியுங்கள். இரவில் விளக்கை அணைத்தும் போட்டும் ஒரு முறை இறங்கிப் பாருங்கள். குறை இருந்தால், சரிசெய்து முடித்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.